தலைநகரா, சிற்றூரா? ஒரே ஆற்றங்கரையில் இரண்டு ஊர்

செக் நாட்டின் தென்மேற்கு மூலையில் உள்ள ஷுமாவா மலைக்காட்டில் பிறக்கும் வல்டவா ஆறு, சுமார் 430 கிலோமீட்டர் ஓடி எல்பே ஆற்றில் கலக்கிறது. ஓட்டத்தின் முற்பகுதியில் செஸ்கி க்ரும்லோவ் என்னும் சிற்றூரைக் கொண்டை ஊசி வளைவுபோல் சுற்றிக்கொண்டு போகிறது. கடைசிக் கட்டத்தில் தலைநகரான பிராகின் நடுவே அகன்று ஓடுகிறது. க்ரும்லோவில் வசிப்போர் சுமார் 13,000 பேர். பிராகில் 13 லட்சத்துக்கும் மேல். இரண்டு ஊர்களின் பழைய பகுதிகளும் 1992ஆம் ஆண்டு ஒன்றாகவே யுனெஸ்கோவின் உலக மரபிடப் பட்டியலில் ஏறின. இரண்டுக்கும் இடையே சாலை வழியில் சுமார் 170 கிலோமீட்டர்.

நடு ஐரோப்பாவுக்குப் பயணம் திட்டமிடுவோர் பலர் இந்த இரண்டு பெயர்களுக்கு நடுவே வந்து நிற்பார்கள். விடுப்பு பத்து நாள். அதில் இந்த நாட்டுக்கு ஒதுக்க முடிந்தது மூன்று அல்லது நான்கு நாள். அத்தனையையும் தலைநகரில் செலவிடுவதா, சிற்றூருக்கும் பங்கு வைப்பதா என்ற கேள்வி எழுகிறது. எது அழகு என்று பார்த்து இதற்கு விடை காண முடியாது, இரண்டுமே அழகுதான். இரண்டு ஊர்களும் எப்படி உருவாயின, ஒரு நாள் பொழுது அங்கே எப்படிக் கழிகிறது என்று தெரிந்தால் முடிவெடுப்பது எளிது.

அடுக்கடுக்காக வளர்ந்த நகரம்

இன்று பிராக் என்று அழைக்கப்படுவது ஒரே ஊராகப் பிறந்ததில்லை. ஆற்றின் மேற்குக் கரைக் குன்றின்மேல் 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோட்டை எழுந்தது. எதிர்க்கரையில் வணிகர்கள் கூடிய இடம் பழைய நகரம் ஆனது. கோட்டையின் அடிவாரத்தில் 1257இல் சிறிய நகரம் அமைக்கப்பட்டது. 1348இல் நான்காம் சார்லஸ் மன்னர் புதிய நகரத்தைத் தொடங்கிவைத்தார். கோட்டையை ஒட்டிய ஹ்ராட்சானி நகரமும் சேர்ந்து இந்த நான்கும் 1784இல்தான் ஒரே நிர்வாகத்தின்கீழ் வந்தன. ‘புதிய’ நகரத்துக்கு வயது அறுநூற்று எழுபதைத் தாண்டிவிட்டது.

நகரத்தின் இன்றைய முகத்தில் கணிசமான பகுதி சார்லஸ் மன்னரின் காலத்தில் வரையப்பட்டது. 1348இல் அவர் நிறுவிய பல்கலைக்கழகம் இன்றும் அவர் பெயரில் இயங்குகிறது. 1342 வெள்ளம் பழைய கல்பாலத்தை அடித்துக்கொண்டு போனபின், 1357இல் புதிய பாலத்துக்கு அடிக்கல் நடப்பட்டது. 516 மீட்டர் நீளமும் 16 வளைவுகளும் கொண்ட அந்தச் சார்லஸ் பாலத்தின் இரு கைப்பிடிச் சுவர்களிலும் 30 சிலைகளும் சிலைத் தொகுதிகளும் நிற்கின்றன. பாலம் கோதிக் காலத்தது. சிலைகளில் பெரும்பாலானவை முந்நூறு, நானூறு ஆண்டுகள் கழித்து வந்த பரோக் பாணியைச் சேர்ந்தவை. ஒரே பொருளின்மேல் வெவ்வேறு காலங்கள் வந்து உட்காருவது இந்த நகரத்தின் இயல்பு.

கோட்டைக்குள் இருக்கும் புனித வீட்டஸ் பேராலயமும் அப்படித்தான். 1344இல் வேலை தொடங்கியது. போர்களாலும் பணமுடையாலும் நூற்றாண்டுக்கணக்கில் பாதியில் நின்று, 1929இல் முடிந்தது. கிழக்குப் பாதியில் நிற்பவர் 14ஆம் நூற்றாண்டில் நிற்கிறார். மேற்கு வாசலுக்கு நடந்து வந்தால் 20ஆம் நூற்றாண்டுக்கு வந்துவிடுகிறார். ஏறக்குறைய 70,000 சதுர மீட்டர், அதாவது சுமார் 17 ஏக்கர் பரப்புள்ள இந்தக் கோட்டை வெறும் காட்சிப்பொருள் இல்லை; நாட்டின் குடியரசுத் தலைவருக்கு அலுவலகம் அங்கேதான்.

அடுக்குகளைக் கண்ணெதிரே காட்டும் இடம் யூதர்கள் வாழ்ந்த யோசெஃபோவ் பகுதி. அங்குள்ள பழைய இடுகாட்டின் மிகப் பழைய கல்லறைக் கல் 1439ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1787 வரை அங்கே அடக்கம் நடந்தது. யூதர்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலம் அவ்வளவுதான் என்பதால், இடம் தீர்ந்ததும் பழைய கல்லறைகளின்மேல் மண் கொட்டி அடுத்த அடுக்கை அடக்கம் செய்தார்கள். கீழே இருந்த கற்கள் மேலே நகர்த்தப்பட்டு, புதிய கற்களோடு நெருக்கியடித்து நின்றன. இன்று அங்கே சுமார் 12,000 கற்கள் சாய்ந்தும் ஒன்றன்மேல் ஒன்று முட்டியும் நிற்கின்றன. ஒட்டியே இருக்கும் பிங்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில், நாஜிகளால் கொல்லப்பட்ட ஏறத்தாழ 80,000 செக், மொராவிய யூதர்களின் பெயர்கள் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் சுவர் முழுக்கப் பொடிப் பொடியாக ஏதோ கோலம். கிட்டே போனால்தான் ஒவ்வொன்றும் ஒரு பெயர் என்று தெரியும்.

தலைநகரின் வரலாறு தரையிலும் எழுதப்பட்டிருக்கிறது. பழைய நகரச் சதுக்கத்தில் மணிக்கு ஒருமுறை கடிகாரக் கூண்டின் பலகணிகள் திறந்து பன்னிரு சீடர்களின் பொம்மைகள் சுற்றிவருவதைப் பார்க்க நூற்றுக்கணக்கானோர் அண்ணாந்து நிற்பார்கள். 1410இல் உருவான அந்த வானியல் கடிகாரத்துக்குக் கூப்பிடு தூரத்தில், தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஹாப்ஸ்பர்க் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்த 27 பேர் 1621இல் கொல்லப்பட்ட இடம் அது. அண்ணாந்து நிற்கும் கூட்டத்தில் பலர் கீழே குனிந்து பார்ப்பதில்லை.

புதிய நகரத்தின் வென்செஸ்லாஸ் சதுக்கம் ஒரு காலத்தில் குதிரைச் சந்தை. 1968 ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான படைகளின் டாங்கிகள் அங்கே வந்து நின்றன. அதை எதிர்த்து 1969 ஜனவரியில் யான் பலாக் என்ற மாணவர் அங்கேயே தீக்குளித்தார். 1989 நவம்பரில் கம்யூனிஸ ஆட்சியை இறக்கிய கூட்டங்களும் அங்கேதான் கூடின. தமிழ் படிப்போருக்கு இந்த நகரத்தோடு தனியாக ஓர் ஒட்டுதல் உண்டு. சங்க இலக்கியத்தையும் சித்தர் பாடல்களையும் மேற்குலக வாசகர்களுக்கு அறிமுகப்படுத்திய கமில் சுவெலபில் பிராகில் 1927இல் பிறந்தவர். சார்லஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். 1968 படையெடுப்புக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறி, நெதர்லாந்து முதலிய நாடுகளில் தமிழாய்வைத் தொடர்ந்தார்.

பிரபுக் குடும்பங்கள் கட்டிய ஊர்

க்ரும்லோவின் கதை நேரெதிர். பிராகை மன்னர்களும் வணிகர்களும் மதப்பிரிவுகளும் போராட்டக்காரர்களும் மாறி மாறி எழுதினார்கள். க்ரும்லோவை எழுதியது அடுத்தடுத்து வந்த சில பிரபுக் குடும்பங்கள். கோட்டையைப் பற்றிய முதல் எழுத்துச் சான்று 1253ஆம் ஆண்டினது. 1302இல் அது ரோசன்பெர்க் குடும்பத்தின் கைக்கு வந்தது. ஐந்து இதழ் ரோஜாவைச் சின்னமாகக் கொண்ட அந்தக் குடும்பம் முந்நூறு ஆண்டுகள் தென்பொஹீமியாவைக் கிட்டத்தட்டக் குறுநில மன்னர்கள்போல் ஆண்டது. வெள்ளிச் சுரங்கமும் மீன் வளர்க்கும் பெருங்குளங்களும் அவர்களுக்குப் பணம் கொடுத்தன.

ஊரின் அமைப்பை ஒரே பார்வையில் புரிந்துகொள்ளலாம். ஆற்றின் ஒரு கரையில் நீண்ட பாறை முகடு; அதன்மேல் ஐந்து முற்றங்களும் சுமார் நாற்பது கட்டடங்களும் கொண்ட கோட்டை. நாட்டில் பிராக் கோட்டைக்கு அடுத்த பெரிய கோட்டை வளாகம் இதுவே. பாறையின் அடியில் கோட்டைப் பணியாளர்கள் குடியிருந்த லாட்ரான் தெரு. மரப்பாலம் ஒன்றைத் தாண்டினால், மூன்று பக்கமும் ஆறு சூழ்ந்த நிலத்துண்டில் வணிகர்களும் கைவினைஞர்களும் வாழ்ந்த உள்ளூர். நடுவில் ஒரு சதுக்கம், ஓரமாக ஒரு தேவாலயம். முழு உள்ளூரையும் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கால்மணி நேரத்தில் நடந்து கடக்கலாம். கோட்டைக் கோபுரத்தின் 162 படிகளில் ஏறினால், வரைபடத்தை விரித்துப் பார்ப்பதுபோல் ஊர் முழுவதும் கீழே தெரியும்.

16ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வில்லியம் ரோசன்பெர்க் இந்தக் கோட்டையை இத்தாலிய மறுமலர்ச்சிப் பாணியில் மாற்றினார். அதன் அடையாளம் முற்றங்களின் சுவர்களில் இருக்கிறது. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்குச் செதுக்கிய கருங்கற்களை அடுக்கிய சுவரும், மாடங்களில் நிற்கும் சிலைகளும் தெரியும். கையெட்டும் தூரத்துக்குப் போனால் கல்லும் இல்லை, மாடமும் இல்லை. வழுவழுப்பான சாந்துப் பூச்சின்மேல் நிழல், வெளிச்சம் எல்லாம் வண்ணத்தால் தீட்டப்பட்டிருக்கிறது. ஊருக்குள் வீட்டுச் சுவர்களில் இன்னொரு நுட்பத்தைக் காணலாம். கரிய சாந்தின்மேல் வெளிர் சாந்து பூசி, அது காயும்முன் மேல்பூச்சைச் சுரண்டி எடுத்தால் அடியிலுள்ள கருமை கோடாக வெளிப்படும். கல் வாங்கப் பணம் போதாதவர்களும் கல்வீட்டின் தோற்றத்தைப் பெற இந்த வேலை உதவியது.

இந்தக் கோட்டைக்கு உலக அளவில் பெயர் வாங்கித் தந்தது அதன் நாடக அரங்கு. 17ஆம் நூற்றாண்டில் எகன்பெர்க் குடும்பம் கட்டியதை, பின்னால் வந்த ஷ்வார்சன்பெர்க் குடும்பத்தினர் 1765, 1766ஆம் ஆண்டுகளில் புதுப்பித்தார்கள். அப்போதைய மேடையும் எந்திரங்களும் திரைச்சீலைகளும் உடைகளும் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. மேடைக்கு அடியில் பெரிய மர உருளைகள். அவற்றில் சுற்றிய கயிறுகள் மேடையின் இருபக்கத் தட்டிகளையும் மேலே தொங்கும் சீலைகளையும் பிணைக்கின்றன. ஆட்கள் உருளையைத் திருப்பியதும் எல்லாத் தட்டிகளும் ஒரே சமயத்தில் நகரும். அரண்மனையாக இருந்த மேடை, பார்வையாளர்களின் கண்முன்னே சில நொடிகளில் காடாக மாறிவிடும். காற்று, மழை, இடி ஆகியவற்றின் ஓசையை எழுப்பத் தனித்தனி மரக்கருவிகள் உண்டு. இவ்வளவு முழுமையாகத் தப்பிப் பிழைத்த பரோக் அரங்குகள் உலகில் மிகச் சில. மரமும் துணியும் கெடாமல் இருக்க, சிறு சிறு குழுக்களாக வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே விடுகிறார்கள்; குளிர்காலத்தில் அடைத்துவிடுகிறார்கள்.

ஒன்று ஏன் வளர்ந்தது, மற்றொன்று ஏன் நின்றது?

சிற்றூர் பழைமை மாறாமல் இருப்பதற்கு ஊர்க்காரர்கள் பழைமையைப் போற்றியது மட்டும் காரணமில்லை. பெரும்பாலும் அதன் பின்னால் ஒரு சரிவு இருக்கும். கடைசி ரோசன்பெர்க்கான பீட்டர் வோக், கடன் தாளாமல் க்ரும்லோவைப் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபுக்கு விற்றார். 1602இல் குடும்பம் வெளியேறியது. பின்னர் வந்த எகன்பெர்க்குகளும், 1719 முதல் ஷ்வார்சன்பெர்க்குகளும் கோட்டையை அழகுபடுத்தினார்கள். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் ஷ்வார்சன்பெர்க்குகள் தங்கள் தலைமை இருப்பிடத்தை ஹ்லுபோகா என்ற இன்னொரு கோட்டைக்கு மாற்றிக்கொண்டார்கள். புதுப்பாணியில் இடித்துக் கட்டும் பணமெல்லாம் அங்கே போயிற்று, க்ரும்லோவ் தப்பித்தது.

20ஆம் நூற்றாண்டு இன்னொரு அடியைக் கொடுத்தது. ஊரின் பெரும்பான்மையோர் ஜெர்மன் மொழி பேசியவர்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அவர்கள் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். காலியான வீடுகளில் வேறு பகுதிகளிலிருந்து மக்கள் குடியேறினார்கள். கம்யூனிஸ ஆட்சியின்போது பழுது பார்க்க ஆளில்லாமல் பல வீடுகள் காரை பெயர்ந்து நின்றன. 1963இல் ஊர் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. வறுமை இடிக்கவிடவில்லை, சட்டம் அதன்பின் காத்தது.

ஐரோப்பாவின் புகழ்பெற்ற இடைக்காலச் சிற்றூர்கள் பலவற்றிலும் இதே கதைதான். பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரம் கடலோடு தன்னை இணைத்த நீர்வழி தூர்ந்துபோனதால் வணிகத்தை ஆன்ட்வெர்ப்பிடம் இழந்தது. இத்தாலியின் சியெனா 1348 கொள்ளைநோயில் மக்களை இழந்து, 1555இல் ஃப்ளாரன்ஸ் தரப்பிடம் வீழ்ந்தது. இரண்டும் வளர்ச்சி நின்ற ஊர்கள். அதனாலேயே பிழைத்த ஊர்கள். தலைநகருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதிகாரம் இருக்கும் இடத்தில் ஒவ்வொரு ஆட்சியும் எதையாவது இடித்து எதையாவது கட்டும். பிராகின் யோசெஃபோவ் பகுதியிலேயே இடுகாடு, சில தொழுகைக்கூடங்கள், நகர்மன்றம் தவிர்த்துப் பழைய சந்துகளில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய இடிப்பில் மறைந்தது. அதன்மேல்தான் இன்றைய அகன்ற சாலைகளும் அடுக்குமாடிகளும் எழுந்தன.

ஆகவே, இடைக்காலத்தை மட்டும் பார்க்க விரும்புகிறவருக்குச் சிற்றூர் பொருந்தும். இடைக்காலத்துக்குப் பின் என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்துப் பார்க்க விரும்புகிறவருக்குத் தலைநகர்தான் பொருந்தும்.

ஒரு நாளின் பொழுதுகள்

இரண்டு ஊர்களிலும் கூட்டம் உண்டு. கூட்டத்தின் நடை வேறு. பிராகில் 2019இல் மட்டும் விடுதிகளில் தங்கியோர் சுமார் 80 லட்சம் பேர். சார்லஸ் பாலத்திலிருந்து பழைய நகரச் சதுக்கம் வரையிலான பாதையில் நள்ளிரவு வரைக்கும் நெரிசல் ஓயாது. ஆனால் பெருநகரத்தில் கூட்டத்திலிருந்து விலகுவது எளிது. மெட்ரோவில் மூன்று நிறுத்தம் தள்ளிப் போனால், உள்ளூர்வாசிகள் நாயை நடத்திச் செல்லும் பூங்காவும், காய்கறிச் சந்தையும், பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளும் இருக்கும் சாதாரணக் குடியிருப்பு வந்துவிடும்.

க்ரும்லோவில் விலகிப் போக இடமில்லை; விலகுவதற்கு நேரம் உண்டு. பெரும்பாலான பயணிகள் பிராகிலிருந்தும் ஆஸ்திரியப் பக்கத்திலிருந்தும் சுற்றுலாப் பேருந்தில் காலை பத்து மணியளவில் வந்து, மாலை நான்கு, ஐந்து மணிக்குத் திரும்பிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் லாட்ரான் தெருவில் தோளோடு தோள் உரசாமல் நடக்க முடியாது. பேருந்துகள் போனதும் ஊர் அடங்குகிறது. பகலில் கேட்காத ஆற்றின் ஓசை அப்போது கேட்கத் தொடங்கும். கோட்டை முற்றங்களின் ஊடே செல்லும் நடைவழியில் அதிகாலையில் போகிறவர்கள், இரண்டு மலைமுகடுகளை இணைக்கும் பல அடுக்கு வளைவுப் பாலத்தின் மேலிருந்து, பனிமூட்டம் விலகி ஓட்டுக்கூரைகள் ஒவ்வொன்றாகத் தெளிவதைக் காணலாம்.

அதனால் சிற்றூரைப் பகல் பயணமாகப் போய்ப் பார்ப்பது பெரும்பாலும் வீண். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். நடுவே கிடைப்பது கூட்டம் உச்சத்தில் இருக்கும் ஐந்து மணி நேரம். பார்த்த கணக்கு ஏறும், ஊர் பிடிபடாது. ஓர் இரவு தங்கினால் ஒரு மாலையும் ஒரு காலையும் கிடைக்கின்றன. தலைநகர் சுற்றிப் பார்ப்பதற்கான இடம். சிற்றூர் தங்குவதற்கான இடம்.

கோடையில் இன்னொரு கணக்கும் சேரும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் க்ரும்லோவைச் சுற்றிய ஆற்றில் துடுப்புப் படகுகளும் மிதவைகளும் நிறைந்திருக்கும். தடுப்பணைகளில் படகு வழுக்கி இறங்கத் தனி மதகு வைத்திருக்கிறார்கள். கடலே இல்லாத இந்த நாட்டில் படகுக்காரர்கள் ஒருவரையொருவர் ‘அஹோய்’ என்று மாலுமிகளைப்போல் கூவி வரவேற்பது வழக்கம். வெளிநாட்டுப் பயணிகளுக்காக இல்லாமல் செக் மக்கள் தங்களுக்காகவே க்ரும்லோவுக்கு வரும் காலம் இதுதான்.

யாருடைய ஊர்?

ஒரு ஊரில் உள்ளூர் வாழ்க்கை இருக்கிறதா என்பதும் பயணத்தைத் தீர்மானிக்கும் கேள்வி. க்ரும்லோவின் பழைய பகுதியில் வீடுகள் பெரும்பாலும் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் நினைவுப்பொருள் கடைகளாகவும் மாறிவிட்டன. நிரந்தரமாகக் குடியிருப்போர் குறைந்துபோனார்கள். இதைக் குத்திக்காட்ட கதெர்ஷினா ஷெடா என்ற செக் கலைஞர் 2018இல் ஒரு வேலை செய்தார். சில குடும்பங்களுக்குச் சம்பளம் கொடுத்து அந்த ஊரின் மையத்தில் குடிவைத்தார். அவர்களுக்கு இட்ட வேலை, துணி காயப்போடுவது, பிள்ளைகளோடு தெருவில் விளையாடுவது, அக்கம்பக்கத்தாரோடு பேசுவதுபோன்ற அன்றாட வாழ்க்கையை வாழ்வது. அந்த ஆண்டு வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியின் செக் அரங்கில் அது காட்டப்பட்டது.

பழைய ஊர் எல்லோரையும் அரவணைத்தது என்றும் சொல்ல முடியாது. ஓவியர் எகோன் ஷீலேயின் தாயார் க்ரும்லோவைச் சேர்ந்தவர். 1911இல் ஷீலே வியன்னாவை விட்டுத் தன் தோழியோடு இங்கே வந்து குடியேறினார். அவர்கள் மணமாகாமல் சேர்ந்து வாழ்ந்ததும், அவர் வரைந்த நிர்வாணப் படங்களும் ஊர்க்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. சில மாதங்களில் வெளியேற வேண்டியதாயிற்று. நெருக்கியடித்து நிற்கும் இந்த ஊரின் கூரைகளை அவர் வரைந்த ஓவியங்கள் பின்னர் உலகப் புகழ் பெற்றன. இன்று அவர் பெயரில் ஊருக்குள் ஒரு கலை மையம் இருக்கிறது. சிற்றூரின் நெருக்கம் பயணிக்கு இதமாக இருப்பதும், அங்கே வாழ வருகிறவருக்கு மூச்சுமுட்டுவதும் ஒரே காரணத்தால்தான்.

பிராகின் மையத்திலும் குறுகிய கால வாடகை வீடுகள் பெருகி, குடியிருப்போர் வெளியே நகர்ந்திருக்கிறார்கள். ஆனாலும் பல்கலைக்கழகம், அமைச்சகங்கள், நாடக அரங்குகள், அலுவலகங்கள் எல்லாம் மையத்திலேயே இருப்பதால், பயணிகள் இல்லாவிட்டாலும் அந்த நகரம் காலையில் எழுந்து வேலைக்குப் போகும்.

போக்குவரத்து, பணம், உணவு

இந்தியாவிலிருந்து செல்வோருக்கு ஷெங்கன் விசா தேவை. பல நாடுகளுக்குப் போகிறவர், எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறாரோ அந்த நாட்டுக்கே விண்ணப்பிக்க வேண்டும். எனவே சிற்றூரில் கூட்டும் ஓர் இரவு, எந்தத் தூதரகத்தில் விண்ணப்பிப்பது என்பதையே சில சமயம் மாற்றிவிடும்.

பிராகுக்குள் மூன்று மெட்ரோ தடங்களும், இரவிலும் ஓடும் டிராம்களும் உள்ளன. எல்லாவற்றுக்கும் ஒரே பயணச்சீட்டு. இத்தனை நிமிடம், இத்தனை மணி என்று நேரக்கணக்கில் விற்கப்படும். காகிதச் சீட்டு வாங்கினால் முதல் பயணத்தின்போதே எந்திரத்தில் நீட்டி நேரம் பதித்துக்கொள்ள வேண்டும். பதிக்காத சீட்டு செல்லாத சீட்டு, அபராதம் உண்டு. க்ரும்லோவுக்குள் எந்த வாகனமும் தேவையில்லை. பிராகிலிருந்து அங்கே போக நேரடிப் பேருந்து வசதியானது. ஏறக்குறைய மூன்று மணி நேரம். ரயிலில் போவோர் பெரும்பாலும் செஸ்கே புடெயோவிட்சே நகரில் மாற வேண்டியிருக்கும். க்ரும்லோவ் ரயில் நிலையம் ஊரிலிருந்து ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் தள்ளி மேட்டில் இருக்கிறது. பிராகிலிருந்து ஆஸ்திரியாவுக்குப் போகிறவருக்குச் சிற்றூர் போகும் வழியிலேயே இருப்பதால், திரும்பிவரும் நேரம் மிச்சமாகும்.

நாணயம் யூரோ இல்லை, செக் கொருனா. மாற்று விகிதத்தில் ஏமாற்றும் கடைகள் பிராக் மையத்தில் நெடுங்காலம் தொல்லையாக இருந்ததால், 2019இல் சட்டம் திருத்தப்பட்டது. பணம் மாற்றியவர் ரசீதோடு மூன்று மணி நேரத்துக்குள் திரும்பிவந்தால், 1,000 யூரோ மதிப்பு வரையிலான மாற்றத்தை ரத்து செய்துகொள்ளலாம்.

செக் சமையல் இறைச்சியை நம்பியது. சைவ உணவு உண்போருக்கு இரண்டு ஊர்களிலும் எளிதில் கிடைப்பவை, ரொட்டித்தூள் தடவிப் பொரித்த சீஸ், பூண்டு மணக்கும் உருளைக்கிழங்கு அடை, பழம் வைத்த கொழுக்கட்டை ஆகியவை. அடையில்கூடச் சில கடைகளில் பன்றிக் கொழுப்பு சேரும் என்பதால் கேட்டுக்கொள்வது நல்லது. பிராகில் இந்திய உணவகங்களுக்குக் குறைவில்லை. சிற்றூரில் தேர்வு குறைவு. சமையலறையும் சீக்கிரம் மூடிவிடும்.

மூட்டுவலி உள்ளவர்களும் சக்கரப் பெட்டி இழுப்பவர்களும் ஒன்றைக் கணக்கில் கொள்ள வேண்டும். க்ரும்லோவின் தெருக்கள் முழுவதும் உருண்டைக் கற்கள் பாவியவை. ஏற்ற இறக்கமும் அதிகம். பிராகின் பழைய பகுதியிலும் கல் பாவிய தெருக்கள்தான் என்றாலும், டிராமில் கோட்டை வாசல்வரை போய், இறக்கத்தில் நடந்து வரும் வசதி உண்டு.

பருவமும் முக்கியம். ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். குளிர்காலத்தில் க்ரும்லோவ் கோட்டையின் உள்ளறைகளைப் பெரும்பாலும் மூடிவிடுவதால், முற்றங்களும் கோபுரமும்தான் மிஞ்சும். பிராகில் அருங்காட்சியகங்களும் இசையரங்குகளும் ஆண்டு முழுதும் திறந்திருக்கும். மொட்சார்ட்டின் ‘டான் ஜோவான்னி’ 1787இல் முதன்முதலாக அரங்கேறிய மேடையில் இன்றும் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. கடுங்குளிரில் தலைநகரும், மே, ஜூன், செப்டம்பரில் சிற்றூரும் தம் முழு மதிப்பைத் தரும்.

நாள் கணக்கில் முடிவு

கையில் இரண்டு நாள் மட்டும் இருந்தால் பிராகோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. கோட்டைக்கு ஒரு நாள், பழைய நகரத்துக்கும் யோசெஃபோவுக்கும் ஒரு நாள் என்று வைத்தாலே சரியாக இருக்கும். மூன்று நாள் என்றால் அடுத்த பயணம் எந்தத் திசையில் என்று பார்க்க வேண்டும். ஆஸ்திரியா பக்கம் போகிறவர் மூன்றாம் நாளையும் இரவையும் க்ரும்லோவில் கழிக்கலாம்; பிராகிலிருந்தே விமானம் ஏறுகிறவர் ஆறு மணி நேரத்தைச் சாலையில் செலவிடுவதைவிட நகரத்திலேயே இருக்கலாம். நான்கு நாளோ அதற்கு மேலோ இருந்தால் மூன்றுக்கு ஒன்று என்று பங்கு வைப்பது பொருந்தும்.

சிற்றூரை முதலில் வைப்பதா, கடைசியில் வைப்பதா என்பதும் யோசிக்க வேண்டியது. நெடுந்தூர விமானப் பயணத்தின் களைப்போடு இறங்குகிறவருக்குப் பெருநகரத்தின் ஆரவாரம் தாங்காது என்று சிலர் சிற்றூரை முதலில் வைப்பார்கள். ஆனால் பிராகைப் பார்த்தபின் க்ரும்லோவுக்குப் போகிறவருக்கு ஒரு கூடுதல் பயன் உண்டு. பிராக் கோட்டை வாசலுக்கு எதிரே உள்ள சதுக்கத்தில், சுவர் முழுவதும் சாந்தைச் சுரண்டி வரைந்த கோலங்களோடு ஷ்வார்சன்பெர்க் மாளிகை நிற்கிறது. க்ரும்லோவை ஆண்ட குடும்பத்துக்குத் தலைநகரில் இருந்த வீடு அது. அதே சுவர் வேலையைச் சில நாள் கழித்துச் சிற்றூரின் தெருக்களில் காணும்போது, மன்னரின் அவைக்கு வந்துபோன பிரபுக்கள் அங்கே கண்ட நாகரிகத்தைத் தங்கள் ஊருக்குக் கொண்டுசென்ற வழி புலப்படும்.

வரலாற்றின் திருப்பங்கள், இசை, அருங்காட்சியகம், இரவு வாழ்க்கை ஆகியவற்றை நாடுவோருக்கும், பதின்வயதுப் பிள்ளைகளோடு போவோருக்கும் தலைநகர் ஏற்றது. ஓரிடத்தில் உட்கார்ந்து பார்ப்பதில் நிறைவு காண்போருக்கும், ஓவியம், நிழற்படம், ஆற்றுப் பயணம் ஆகியவற்றில் நாட்டம் உள்ளோருக்கும் சிற்றூர் ஏற்றது. இரண்டையும் சேர்க்க விரும்புகிறவர் கவனிக்க வேண்டியது இரவுக் கணக்கு ஒன்றுதான்: தலைநகருக்குக் குறைந்தது இரண்டு இரவு, சிற்றூருக்குக் குறைந்தது ஓர் இரவு. அந்த ஓர் இரவை ஒதுக்க முடியாத பயணத்தில் சிற்றூரை இன்னொரு முறைக்கு வைத்துக்கொள்வது நல்லது.